மீட்டர் கண்ணடிக்கிற கணக்கு

இங்கே வந்து உக்காரும்மா. அந்தப் பக்கம் ஜன்னல் வெயில் அடிக்கும். டோக்கன் எத்தனை? முப்பத்தி நாலா. அப்போ ஒரு மணி நேரம் ஆகும் மக்கா, அவசரப்பட்டு ஒண்ணும் நடக்காது. உள்ளே இருக்கது எங்க வீட்டுக்காரங்கதான். இருபத்தி ஆறு. ஊதிப் பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்காக. நீ அப்பாவுக்கா வந்திருக்கே? இளைப்பா? பயப்படாதே, இவரு நெஞ்சுக்கு நல்ல டாக்டர். அதிகம் பேசத்தான் மாட்டாரு.

மேலே பாரு. எட்டு ஃபேன் சுத்துது. ஆளு இருக்கது ரெண்டு ஃபேனுக்கு அடியில. பட்டப்பகல்ல ஆறு லைட்டு. எனக்கு இதைப் பாத்தா இருப்புக் கொள்ளாது. போன தடவை வந்தப்போ ரெண்டு சுவிட்சை நானே எந்திரிச்சு அமத்திட்டேன். நர்சுப் பிள்ளை வந்து திரும்பப் போட்டுட்டு என்னை ஒரு மாதிரி பாத்துட்டுப் போச்சு. கரண்டோட அருமை அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும். எனக்குத் தெரியும். ஒரு பெட்டி வந்து எனக்குப் படிச்சுக் குடுத்துட்டுது.

சொல்லுதேன் கேளு. பொழுதும் போகும்.

என் பேரு கித்தேரியம்மாள். எங்க வீட்டுக்காரங்க பேரு தஸ்நேவிஸ். தூத்துக்குடித் துறைமுகத்துல முப்பத்தெட்டு வருசம் கிரேன் ஓட்டினாக. மேலே அந்தக் கூண்டுல ஒத்தையில உக்காந்திருக்க வேலையா, சிகரெட்டு பழகிட்டுது. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு. ரிட்டையர் ஆகியும் விடல. போன வருசம் தவக்காலத்துல பூசையில நிக்கும்போதே மூச்சு முட்டி பெஞ்சுல சரிஞ்சிட்டாக. தூக்கிட்டு வந்தது இந்த டாக்டர்கிட்டதான். இனிமே ஒரு சிகரெட்டு தொட்டீருன்னா என்கிட்ட வராதேயும்னுட்டாரு. நேரே அந்தோனியார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். சட்டைப் பையில இருந்த பாக்கெட்டை சுரூபத்துக் காலடியில வச்சுப் பொருத்தனை பண்ண வச்சேன். இனி தொடமாட்டேன்னு அழுதாக மக்கா, அவ்வளவு பெரிய ஆம்பிளை. அன்னையிலேர்ந்து பத்து மாசம், ஒண்ணு தொட்டதில்ல. இதை நானா சொல்லல. அவுகளே என்கிட்ட சொன்னாக.

சிகரெட்டை விட்ட ஆம்பிளையை வீட்ல வச்சிருக்கது எம்புட்டுக் கஷ்டம் தெரியுமா. நிக்காக, உக்காருதாக, கேட்டுக்குப் போறாக, வாராக. கை சும்மா இருக்க மாட்டேங்குது. மீன்காரிகிட்ட சண்டை, பால்காரன்கிட்ட சண்டை. எங்க மக பெல்சியா தோகாவுல இருக்கா. மருமகன் அங்கே பெரிய ஓட்டல்ல சமையல். இவுக படுற பாட்டை நான் போன்ல சொல்லப்போக, அந்தப் பையன் மாமாவுக்குப் பொழுது போகட்டும்னு ஒண்ணைக் கப்பல் கார்கோவுல அனுப்பிட்டான்.

கார்கோக்காரன் போன்ல கூப்பிட்டு, அம்மா உங்க வீட்டுக்கு ஒரு ஸ்மோக்கர் வந்திருக்கு, வீட்ல ஆள் இருக்கீங்களான்னு கேக்கான். எனக்கு வந்துச்சே கோவம். தம்பி, இங்கே இருந்த ஸ்மோக்கரையே இப்பத்தான் திருத்தி வச்சிருக்கேன், இன்னொருத்தரையும் அனுப்பி வைக்காதீங்கன்னு வச்சிட்டேன். பாவம், அவன் ரெண்டு நாளு அலைஞ்சிட்டான்.

வந்து இறங்கினது ஒரு கறுப்புப் பெட்டி. சின்ன ஃபிரிட்ஜு உயரம். உள்ளே தட்டுத் தட்டா கம்பி. பக்கவாட்டுல ஒரு இழுப்பு, அதுல மரத்தூளோ தேங்காச் சிரட்டைத் துண்டோ போடணும். பிளக்கைச் சொருகி சுவிட்சைப் போட்டா கம்பி சூடாகி, அந்தத் துண்டு கனிஞ்சு புகையும். அந்தப் புகையிலயே மீனு நாலஞ்சு மணி நேரத்துல பதமாயிரும். அதான் ஸ்மோக்கராம். நம்ம ஊர்ல சூரை மீனை உப்புத்தண்ணியில அவிச்சு, புகை போட்டு, வெயில்ல காய வச்சு மாசி பண்ணுவாகல்லா, அதேதான். அதுக்கு ஒரு இங்கிலீஷ் பெட்டி.

சும்மா சொல்லக்கூடாது, ருசிதான். முதல் தடவை சூரையைப் போட்டு எடுத்தாக. நான் ரெண்டு துண்டு சோறு இல்லாமலே தின்னுட்டேன். பக்கத்து வீட்டு ஜெனோவா கிண்ணம் கொண்டுட்டு வந்து நின்னா. இவுக முகத்துலயும் ரொம்ப நாளைக்குப் பெறவு ஒரு தெளிச்சல். சரி, அந்தோனியார் ஒண்ணை வாங்கிட்டு இன்னொண்ணைக் குடுத்திருக்காருன்னு நினைச்சேன்.

அப்புறம் என்னாச்சுன்னா, அது தினப்படி வேலையாப் போச்சு. சாயங்காலம் நாலு மணின்னா மனுசன் மொட்டைமாடிக்குப் போயிருவாக. பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பக்கத்துலயே இருந்து பாத்துக்கிடணுமாம், விட்டுட்டு வந்தா தீஞ்சிருமாம். யாரும் மேலே வரக்கூடாதாம். மாடிக் கதவைத் திறந்தா காத்து அடிச்சுப் புகை கலைஞ்சிருமாம். எனக்கு முட்டு வலி, நான் எங்கே மாடி ஏறப்போறேன். இறங்கி வரும்போது சட்டை, தலை, மீசை எல்லாம் புகை வாடை. புகைக்குள்ளயே உக்காந்திருந்தா பெறவு மல்லிகைப்பூவா மணக்கும்? ஆனாலும் எனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு நேரே போயி பல்லு விளக்கிட்டுத்தான் என்கிட்ட பேசுவாக. அந்த மரியாதை உண்டு.

நான் கவலைப்பட்டது வேற விசயத்துக்கு. கரண்டுக்கு.

உங்க வீட்ல எத்தனை யூனிட்டு ஓடும்? ரெண்டு மாசத்துக்குச் சொல்லு. முந்நூத்தி இருபதா. குடும்பம் நடத்தத் தெரிஞ்ச பிள்ளை. எங்களுக்கு நானூத்தி முப்பது, நானூத்தி நாப்பது. என்னிக்கும் ஐநூத்தைத் தாண்ட விட்டதில்ல. ஐநூறுங்கது ஒரு கோடு மாதிரி. அதுக்கு மேலே ஒண்ணு ஓடிட்டாலும் கணக்கே மாறிப்போகும், பழைய யூனிட்டுக்கும் சேத்து ரேட்டைக் கூட்டிப் போட்டுருவாக. அப்படி இருக்கையில, பெட்டி வந்து ரெண்டு மாசம் கழிச்சு மீட்டர் பாக்க வந்த பிள்ளை, ஐநூத்தி எழுபத்தி ரெண்டு பாட்டின்னா. பாட்டின்னு சொன்னதையே நான் கவனிக்கல. அப்படியே படியில உக்காந்திட்டேன்.

வீட்ல அன்னைக்குப் பெரிய ரகளை. ஃபிரிட்ஜு பழசுங்காக. நீ சீரியல் பாக்கதுங்காக. மாவு அரைக்கதுங்காக. பெட்டியை மட்டும் விட்டுக்குடுக்க மாட்டேங்காக. நான் அந்த மீட்டர்ப் பிள்ளையவே மறுபடி பிடிச்சேன். ஏம்மா, எது தின்னுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கதுன்னு கேட்டேன். அவ மீட்டர்ல ஒரு சின்னச் சிவப்பு லைட்டைக் காட்டினா. அது கண்ணடிச்சுக்கிட்டே இருக்கும். கரண்டு அதிகமா ஓடினா வேகமா அடிக்கும், குறைவா ஓடினா மெதுவா அடிக்கும். வாட்சைப் பாத்து எண்ணிக்கிடுங்கன்னா.

வாட்சு முள்ளு எனக்கு எங்கே தெரியுது. ஆனா கையில ஜெபமாலை இருக்குல்லா. ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் தொடங்கி ஆமென் சொல்லுததுக்குள்ள எத்தனை தடவை கண்ணடிக்குதுன்னு எண்ணினேன். இந்த வழியை யாரும் எனக்குச் சொல்லித் தரல, நானா கண்டுபிடிச்சது. ஃபிரிட்ஜு மட்டும் ஓடினா ரெண்டு. ஒரு ஃபேனும் சேந்தா மூணு. டி.வி. போட்டா நாலு. கிரைண்டருக்கு எட்டு. அயர்ன் பெட்டிக்கு என்னால எண்ண முடியல, மரியே திணறிப் போச்சு. கடைசியா ஒருநாள் நாலு மணிக்கு இவுக மாடிக்குப் போனதும் போயி நின்னேன். பதிமூணு. இன்னொரு மணி உருட்டினேன். பதினாலு. ஐம்பத்தி மூணு மணியும் மீட்டருக்கு முன்னாடியே நின்னு சொல்லி முடிச்சேன் மக்கா. மாதா கோவிச்சுக்கிட மாட்டா. அவளும் குடும்பம் நடத்தினவதான்.

இவுக இறங்கி வந்ததும் சொல்லிட்டேன். பிடிச்சிட்டேன் திருடனை, உங்க பெட்டிதான். அடுத்த கணக்குல ஐநூத்தைத் தாண்டிச்சுன்னா பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டுருவேன்னேன். சத்தம் போடுவாகன்னு பாத்தா, அடங்கிட்டாக. இனிமே பாத்துப் பண்ணுதேன் கித்தேரி, பெட்டியை மட்டும் போட்டுறாதேன்னாக. பேரைச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனை வருசமாச்சு.

மறுநாளு நாலு மணி. மேலே போனாக. நான் மீட்டருக்கு முன்னாடி போயி மாலையை எடுத்தேன். அருள் நிறைந்த மரியே வாழ்க. மூணு. தப்பா எண்ணிட்டேன்னு இன்னொண்ணு சொன்னேன். அதுவும் மூணு. பத்து மணி உருட்டியாச்சு, மூணுக்கு மேலே போகல. அப்போ இன்னைக்குப் போடலையாக்கும்னு வாசல் முத்தத்துல இறங்கி நின்னு அண்ணாந்து பாத்தா, கைப்பிடிச் சுவருக்கு மேலே புகை போகுது. முன்னே எல்லாம் குபுகுபுன்னு, சாளை மீனு சுடுத அடுப்பு மாதிரி வரும். இப்போ நூலு மாதிரி. ஒத்தை நூலு, வளைஞ்சு வளைஞ்சு. எனக்குக் கண்ணு கலங்கிட்டுது. புகையைக்கூட சிக்கனமா விடுதாகளேன்னு.

இறங்கி வந்ததும் எப்படின்னு கேட்டேன். அதெல்லாம் ஒரு டெக்னிக்குன்னாக. நீ காலையில கோயிலுக்குப் போயிருக்கும்போது பத்து நிமிசம் போட்டு அமத்திட்டேன், பெட்டிக்குள்ள சூடு நிக்கும், சாயங்காலம் வரைக்கும் புகையும்னாக. மீனு எங்கேன்னேன். தினமும் மீனு போடக்கூடாதாம். புதுத் தோசைக்கல்லைப் பழக்குத மாதிரி, வெறும் பெட்டியை அப்பப்போ புகைக்க விடணுமாம். தோசைக்கல்லுன்னு சொன்னா எனக்குப் புரியுது. கிரேன் ஓட்டின மூளைல்லா. சும்மா இல்ல.

ஏம்மா இருமுதே? தண்ணி வச்சிருக்கியா? இந்தா குடி. மெதுவா.

இதைவிடப் பெரிய அதிசயம் ஒண்ணு நடந்துச்சு. மாசத்துல ஒருநாள் காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் பராமரிப்புன்னு கரண்டை நிப்பாட்டுவாகல்லா, அந்த நாளு. தெருவே செத்துக் கிடக்கு. மீட்டர்ல அந்தச் சிவப்புக் கண்ணு மூடிக் கிடக்கு. காலையில பத்து நிமிசம் போட்டிருக்கவும் வழியில்ல, அன்னைக்கு நான் கோயிலுக்கே போகாம வீட்லதான் இருந்தேன், போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். நாலு மணி ஆனதும் இவுக வழக்கம்போல எந்திரிச்சு மாடிக்குப் போறாக. இன்னைக்குக் கரண்டு இல்லையேன்னேன். பாதிப் படியில நின்னாக. அதனால என்ன, போயிப் பாக்கேன்னு ஏறிட்டாக.

நான் முத்தத்துல போயி நின்னேன். ரெண்டு நிமிசம் ஒண்ணுமில்ல. அப்புறம் கிளம்பிச்சு பாரு புகை. அதே நூலு. தெரு முழுக்கக் கரண்டு இல்ல, எங்க வீட்டு மாடியில மட்டும் புகையுது. நான் நெத்தியில சிலுவை போட்டுக்கிட்டேன். ஓடிப்போயி ஜெனோவாவைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து காட்டினேன். அவ புகையைப் பாத்தா. என்னைப் பாத்தா. சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டா.

“அக்கா, கரண்டு இல்லாம புகையுதுன்னா அது பெட்டி இல்லக்கா” அப்படின்னா.

பெட்டி இல்லாம பெறவு என்னடின்னேன். அண்ணன்கிட்டயே கேளுங்கன்னுட்டுப் போயிட்டா. பொறாமை. அவ வீட்ல ஒவ்வொரு தடவையும் எழுநூறு ஓடுது, வயிறு எரியத்தான் செய்யும். எனக்கென்ன. அந்த வாரம் எங்க தெரு அன்பியக் கூட்டத்துல ஜெபம் முடிஞ்சதும் எந்திரிச்சு நின்னு சாட்சியாவே சொல்லிட்டேன். பொருத்தனை பண்ணின மனுசனுக்கு அந்தோனியார் எப்படியெல்லாம் வழி காட்டுதாரு, கரண்டே இல்லாம புகை வர வைக்காரு பாருங்கன்னு. எல்லாரும் தலையைக் குனிஞ்சிக்கிட்டாக. பக்தியில தோளெல்லாம் குலுங்குது சில பேருக்கு. இவுகளும் வந்திருந்தாக, என் பக்கத்துலதான். செருப்பைத் தேடுத மாதிரி குனிஞ்சவுக நான் பேசி முடிக்க வரைக்கும் நிமிரவே இல்ல. புகழ்ந்தா கூச்சம்.

அடுத்த கணக்கு நானூத்தி நாப்பத்தி ஒண்ணு. அன்னைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்துப் போட்டேன். தட்டை மட்டும் பாத்துத் தின்னாக.

இவ்வளவும் நல்லாத்தான் இருந்துச்சு. இந்த இருமல்தான்.

மழைக்காலம் தொடங்கினதுலேர்ந்து இருமல் திரும்ப வந்திட்டுது. படி ஏறினா நிக்காக. பதினஞ்சு நாளைக்கு முன்னே இங்கே வந்து அந்தக் குழாய்ல ஊதினாக. டாக்டர் அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாக்காரு. சிகரெட்டை விட்டுப் பத்து மாசம் ஆன ஆளுக்கு இந்த நம்பர் ஏறணும்மா, இது இறங்குதேன்னாரு. பீடி சிகரெட்டு ஏதாவது குடிக்கீரான்னு மூணு தடவை கேட்டாரு. இவுக என்னைப் பாத்தாக. நான்தான் அவுகளுக்குச் சேத்துப் பேசினேன். பொருத்தனை பண்ணியிருக்காக டாக்டர், பாக்கெட்டு இன்னும் கோயில்லதான் இருக்கும்னேன். வீட்ல விறகு அடுப்பான்னாரு. கேஸ்னேன். அப்போ உள்ளே வேற ஏதோ இருக்கு, ரெண்டு வாரம் கழிச்சு வியாழக்கிழமை வாங்க, இன்னொரு தடவை ஊதட்டும், இதே மாதிரி இருந்தா அன்னைக்கே அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் விட்டு, கேமராவுல பாத்து, கொஞ்சம் சதையும் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்னாரு.

இன்னைக்குத்தான் வியாழக்கிழமை.

என் தங்கச்சி வீட்டுக்காரருக்கு அப்படித்தான் சதை எடுத்தாக. அதுக்குப் பெறவு நாலு மாசம்தான் இருந்தாரு. நான் இதை இவுககிட்ட சொல்லல. பெல்சியாகிட்டயும் சொல்லல. உன்கிட்டத்தான் சொல்லுதேன், நீ யாரோ எவரோ. பதினஞ்சு நாளா எனக்குச் சோறு இறங்கல மக்கா. எத்தனை சண்டை போட்டாலும், அந்த வீட்ல இன்னொரு சத்தம் வேணும்ல்லா. இவுக என்னன்னா, முகம் வெளிறிப் போயிருக்கு, ஆனா போடட்டும், குழாய் போட்டுப் பாக்கட்டும்ங்காக. அவ்வளவு தைரியம்.

நேத்து மீட்டருக்கு முன்னாடி நிக்கும்போதுதான் எனக்குப் பொறி தட்டிச்சு. வீட்ல விறகு அடுப்பான்னு டாக்டர் கேட்டாரே, நான் கேஸ் அடுப்பை மட்டும்தானே சொன்னேன். அந்தப் பெட்டியைச் சொல்லவே இல்லையே. தினமும் அதுக்குப் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்தா அந்தப் புகை நெஞ்சுக்குத்தானே போகும். படிக்காதவதான் நான். ஆனா என் கண்ணுக்குத் தப்பி அந்த வீட்ல ஒண்ணும் நடக்காது.

வரும்போது ஆட்டோவுல இதைச் சொன்னேன். டாக்டர்கிட்ட பெட்டி விசயத்தை ஒண்ணு விடாமச் சொல்லப்போறேன், கரண்டு இல்லாத அன்னைக்கும் புகைஞ்சதைச் சொல்லப்போறேன், அவருக்குத் தெரியாத விஞ்ஞானமான்னேன். இவுகளுக்கு வேர்த்துட்டுது. அதெல்லாம் எதுக்கு டாக்டர்கிட்ட, நம்ம வீட்டுக் கரண்டு பில்லெல்லாம் அவருக்கு எதுக்குன்னாக. ஐநூத்தி எழுபத்தி ரெண்டை நான் வெளியில சொல்லிருவேன்னு வெக்கம். பில்லைச் சொல்லல, புகையை மட்டும் சொல்லுதேன்னேன். ஆட்டோவை நிப்பாட்டுன்னாக. எதுக்குன்னா, திரும்பிப் போயிருவோம்ங்காக. நான் விடுவேனா. வந்ததும் முதல் வேலையா நர்சுப் பிள்ளைகிட்ட சொல்லி வச்சிட்டேன், இவுக ஊதி முடிச்சதும் என்னைக் கூப்பிடு, டாக்டர்கிட்ட தனியா நாலு வார்த்தை பேசணும்னு. அந்த நாலு வார்த்தையில அவருக்கு விளங்கிட்டுதுன்னா குழாயும் வேண்டாம் கேமராவும் வேண்டாம்.

நீ ஏம்மா என் கையைப் பிடிக்கே? சொல்லுங்க, கண்டிப்பாச் சொல்லுங்கங்கியா? எல்லாத்தையுமா? அதான் சொல்லப்போறேன். நல்ல பிள்ளை நீ. கண்ணெல்லாம் தண்ணி விட்டிருக்கே, சிரிக்கியா அழுதியான்னு தெரியல. துடைச்சுக்க.

ஆமா, கூப்பிடுதாக. தஸ்நேவிஸ் வீட்டம்மா நான்தான். வாரேன், வாரேன். முட்டு பிடிச்சிக்கிட்டுது. ஒரு கை குடு மக்கா.

அங்கே பாரு, டாக்டர் ரூம் வாசல்லயே இவுக வந்து நிக்காக. என்னங்க, என்ன நம்பர் வந்துச்சு? நகருங்க, நான் உள்ளே போகணும். ஏன் வழியை மறிக்கீக? ஐயோ, கையைப் பிடிக்காக. நாப்பத்தியொரு வருசத்துல நாலு பேரு பாக்க இவுக என் கையைப் பிடிச்சது இல்லம்மா, கோயில்ல மோதிரம் போடும்போது பிடிச்சதோட சரி. உள்ளே போகாத கித்தேரி, உனக்குப் புண்ணியமாப் போகும்ங்காக. எனக்காகப் பயப்படுதாக, டாக்டர் என்கிட்ட ஏதாவது பெரிசா சொல்லிருவாரோன்னு.

ஒண்ணும் ஆகாதுங்க. விடுங்க கையை. அவரு என்ன சொல்லப்போறாரு, நான்ல்லா சொல்லப்போறேன். நீங்க இந்தப் பிள்ளை பக்கத்துல போயி உக்காருங்க. கதவைச் சாத்தும்மா நர்சு, கொஞ்சம் நேரமாகும்.